வெறும் வண்டி எடை

செம்பனை மில் வாசலில் எனக்கு வேலை.
குலையோடு லோரி வரும், மேடையில் ஏறும், எழுதுவேன்.
கொட்டிவிட்டு வரும், மறுபடி ஏறும், எழுதுவேன்.
முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் காசு.
பின்னதற்கென்று எவனும் காசு தருவதில்லை.
அதைத்தான் ஆல்பத்துக்குப் பேராக வைத்தேன்.

ஒன்பது பாட்டு. ஒரு கித்தார். வேறு ஆள் இல்லை.
ராத்திரி ஷிப்டில், லோரி ஓயும் ரெண்டு மணிக்கு மேல்
எடை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு
கைப்பேசியில் பதிந்தது.
காது கொடுத்தால் தெரியும், பாட்டுக்கு அடியில் ஒரு முனகல்.
எடை மெஷின்.
அது எனக்காக நிற்காது,
அதனால் நான் அதற்குச் சுருதி சேர்த்தேன்.
விரலில் மாட்டிய குழாய் பழைய டீசல் பம்பில் அறுத்தது.
கம்பிமேல் இழுத்தால்
ரிவர்ஸில் ஒரு லோரி மெதுவாகப் போகும்.

"புளூஸ்னா என்னண்ணே, யாராச்சும் செத்துட்டாங்களா?"
ரொட்டி சானாய் கடையில் நவனீதன் கேட்டான்.
இல்லடா, சம்பளம் வந்திருச்சு, அதான்.

அப்பா கித்தா சீவினார்.
நான் கித்தார்.
ஒரு 'ர்' சேர்க்க எங்களுக்கு ஒரு தலைமுறை ஆனது என்று
மேடையில் சொல்ல வைத்திருந்தேன்.
மேடையே இல்லை.

சனிக்கிழமை, பகாவ்,
பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சுவீ லியான் அக்கா டயர் கடை.
பதினோரு பேர்.
அதில் ரெண்டு பேர் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தவர்கள்.
வெளியிட்டுப் பேசுவதாகச் சொன்ன கட்சிக்காரர்
மாலையை மட்டும் அனுப்பியிருந்தார்.
கித்தாருக்குப் போட்டால் சத்தம் அடைக்கும்,
எனக்குப் போட்டால் கூச்சம்.
கடைசியில் காற்றடிக்கும் கம்ப்ரெஸர் போட்டுக்கொண்டது.

உட்கார்ந்து கம்பியைத் தட்டினேன்.
காது எதையோ தேடியது.
தொடங்கி நிறுத்தினேன். மறுபடி தொடங்கி மறுபடி.
பஞ்சர்க்காரர் கடிகாரம் பார்த்தார்.
அப்போதுதான் கேட்டது,
மூலையில் குளிர்பானப் பெட்டி
அரைக்கட்டை கீழே முனகிக்கொண்டிருப்பது.
ஆறு கம்பியையும் அதற்கு இறக்கினேன்.
கடைசிக் கம்பி சேர்ந்த நொடி
அக்கா எழுந்து போய்,
பாட்டுக்கு மரியாதையாக,
பிளக்கைப் பிடுங்கினாள்.

போடுக்கா, போடுக்கா என்று நான் கத்தியது
அன்றைக்கு முதல் பாட்டு.
அவள் போட்டாள்.
பெட்டி இருமி, குலுங்கி, பிடித்துக்கொண்டது.
நானும்.

*ஏறும்போது எட்டு டன்னு, எறங்கும்போது ஒண்ணுமில்ல.
ஏறும்போது எட்டு டன்னு, எறங்கும்போது ஒண்ணுமில்ல.
எடை போடுறவன் எவ்வளவுன்னு எந்த மெஷினும் சொன்னதில்ல.*

இந்த வகைப் பாட்டில் முதல் வரியை ரெண்டு தரம் சொல்லவேண்டும்.
ஒரு தரம் சொன்னால் புகார்.
ரெண்டாம் தரம், சொன்னவனே கேட்கிறான்.
மூன்றாவது வரி பதில் மாதிரி நடந்து வரும்,
பதில் இல்லை.
ரெண்டாம் தரத்தில் பஞ்சர்க்காரர் காலை ஆட்டினார்.
பார்த்தேன்.

விலை பதினைந்து வெள்ளி. விற்றது நாலு.
ரெண்டை வாங்கியது பாய்லர் அறை ஷோஃபிகுல்,
தமிழ் ஒரு சொல் தெரியாது,
ஒன்று ஊருக்காம், டாக்காவுக்கு அப்பால் எங்கேயோ.

திங்கட்கிழமை காலை, லோரி வருமுன்,
மீதி நாற்பத்தாறையும் பெட்டியோடு எடைமேடையில் வைத்தேன்.
பூஜ்யம்.
இருபது கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.
நானும் பக்கத்தில் ஏறி நின்றேன்.
சிவப்பு எழுத்தில் அறுபது.
இறங்கினேன்.

குலை கொட்டிவிட்டு வந்த கனியப்பன்
ஜன்னல் வழியே ஒன்று கேட்டான்.
"நம்ம லோரியில பிளேயர் இல்ல" என்றபடி
கண்ணாடியில் நூல் கட்டித் தொங்கவிட்டான்.
வெயில் பட்டு அது எடை அறைச் சுவரில் ஒரு சுற்று ஓடியது.
ஒன்பதாயிரத்து நானூற்று இருபது,
எப்போதும் போல.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.